மண்டபத்துப் பேச்சு கழிவறை வரை எட்டுவதில்லை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் நான் பணியாற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டர்வொர்த் வட்டாரத்துக் கோயில் மண்டபம் ஒன்றில், நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, புகுமுக வகுப்பு (ஆறாம் ஆண்டுக்கும் படிவம் 1க்கும் இடைப்பட்ட ஓராண்டு) முதல் படிவம் 3 வரை பயிலும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறேன். கணிதத்துக்கும் மலாய்மொழிக்கும் என்று தொடங்கிய வகுப்பு அது. பிள்ளைகள் பாடத்தைக் காட்டிலும் பள்ளியில் தங்களுக்கு நேர்வதைப் பற்றியே அதிகம் பேசியதால், பகடிவதையும் (வலுத்தவர் இளைத்தவரைத் திரும்பத் திரும்பத் துன்புறுத்துவது) அதைச் சமாளிப்பதற்கான வாழ்வியல் திறன்களும் நாளடைவில் அந்த வகுப்பின் ஒரு பகுதியாகிவிட்டன. தொழிற்சாலை வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனால் பகடிவதை பற்றி நான் உறுதியாக நம்புகிற பலவும் தொழிற்சாலையில் கற்றவைதாம்.

ஒரு தொழிலாளியின் விரல் இயந்திரத்தில் சிக்கிவிட்டால், "நீ ஏன் கவனமாக இருக்கவில்லை?" என்று கேட்டுவிட்டு விசாரணையை முடித்துக்கொள்ள எங்களால் முடியாது. ஆபத்தை அடியோடு அகற்ற வழியுண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆபத்துக் குறைந்த வேறொன்றை அதன் இடத்தில் வைக்கலாமா, இயந்திரத்துக்குத் தடுப்புப் போடலாமா, வேலை நேரத்தையும் ஆள்களையும் மாற்றி அமைக்கலாமா என்று வரிசையாகப் பார்த்து, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கையுறைக்கும் தலைக்கவசத்துக்கும் வர வேண்டும். சுவரில் ஒட்டும் "எச்சரிக்கை" என்ற தாளை மட்டும் நம்பியிருக்கும் தொழிற்சாலையை எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் மதிக்கமாட்டார். பள்ளிகளில் பகடிவதைக்கு எதிராக நாம் செய்வதைப் பார்த்தால், இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டும் தாளில் தொடங்கிச் சுவரில் ஒட்டும் தாளிலேயே முடித்துவிடுகிறோம்.

தன்முனைப்பு (ஊக்கமூட்டல்) முகாமை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரே நிறத்தில் சட்டை கொடுத்து, மண்டபத்தில் குளிரூட்டியைப் போட்டு, கோலாலம்பூரிலிருந்து பேச்சாளர் ஒருவரை வரவழைத்து, பிற்பகலில் விளக்குகளை அணைத்து, அம்மா அப்பா பட்ட துன்பங்களைச் சொல்லிப் பிள்ளைகளை அழவைத்து, பெற்றோரின் பாதங்களைக் கழுவச்செய்து, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த அழுகை பொய்யானது என்று நான் சொல்லவில்லை. பெற்றோர்மீது பிள்ளைகளுக்கு அன்பு பெருகுவது நல்லதுதான். ஆனால் அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்து மாணவன் ஒருவன் கழிவறை வாசலில் நின்றுகொண்டு இரண்டு ரிங்கிட் கேட்கும்போது அந்தப் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, அன்று முழுவதும் ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படுவதில்லை. நிகழ்ச்சி நிரலில் "பகடிவதை ஒழிப்பு" என்று ஓர் அங்கம் இருந்தால், பகடிவதை தவறு என்ற அறிவுரையே அங்கும் கிடைக்கிறது. தவறு என்பது செய்கிறவனுக்கும் தெரியும். தெரியாமல் செய்கிறவன் ஆசிரியர் வந்ததும் ஏன் கையை எடுக்கிறான்?

எங்கள் வகுப்பில் நாங்கள் முதலில் செய்த உருப்படியான வேலை, பிள்ளைகளிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து, அவரவர் பள்ளியின் வரைபடத்தை வரைந்து, தனியாகப் போகத் தயங்கும் இடங்களைச் சிவப்புப் பேனாவால் குறிக்கச் சொன்னதுதான். பெயரெழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். யார் தொல்லை கொடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் பாதிப் பேர் வாயைத் திறந்திருக்கமாட்டார்கள்; எங்கே, எப்போது என்று கேட்டதால் தயக்கமின்றி வரைந்தார்கள். கட்டடத்தின் பின்புறக் கழிவறை, சிற்றுண்டிச்சாலை வரிசையின் வால்பகுதி, விளையாட்டுப் பொருள் அறைக்கு அருகிலுள்ள படிக்கட்டு, பள்ளிப் பேருந்தின் பின்னிருக்கை ஆகியவை பள்ளி வேறுபாடின்றிச் சிவந்திருந்தன. நேரத்தைக் கேட்டபோது, ஓர் ஆசிரியர் வகுப்பைவிட்டுப் போய் அடுத்தவர் வருவதற்கு இடைப்பட்ட நிமிடங்களைப் பலர் எழுதினர். ஒரு பெண் பள்ளிக்கு வெளியே ஒரு கைப்பேசியை வரைந்து அதையும் சிவப்பாக்கியிருந்தாள். வகுப்பின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் இரவு பத்து மணிக்குமேல் நடப்பதைத்தான் அவள் குறிப்பிட்டாள்.

அந்த வரைபடங்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது பள்ளி நுழைவாயில். நம் நாட்டில் பல இடைநிலைப்பள்ளிகள் இரண்டு நேரப் பள்ளிகளாக இயங்குகின்றன. மேல்படிவ மாணவர்கள் காலையிலும், புகுமுக வகுப்பும் படிவம் 1, 2 மாணவர்களும் பிற்பகலிலும் வருவார்கள். காலைப்பள்ளி முடிந்து பெரியவர்கள் வெளியேறுகிற அதே வேளையில்தான் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் உள்ளே நுழைகிறார்கள். காலை நேர ஆசிரியர்கள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். பிற்பகல் ஆசிரியர்களில் பலர் இன்னும் வந்து சேர்ந்திருக்கமாட்டார்கள். பிள்ளைகள் கூட்டமாகவும் பெரியவர்கள் குறைவாகவும் இருக்கும் அரைமணி நேரம் அது. தொழிற்சாலையில் வேலைமுறை மாறுகிற நேரத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதை நாங்கள் எழுதிவைத்துக் கடைப்பிடிக்கிறோம். பள்ளி நுழைவாயிலில் அந்த அரைமணி நேரத்துக்கு இரண்டு பெரியவர்கள் நிற்பதற்கு எந்தப் பேச்சாளரும் தேவையில்லை, சட்டை அச்சடிக்கவும் வேண்டியதில்லை.

இது என் தொழில் புத்தி மட்டும் சொல்வதன்று. பகடிவதையை முறையாக ஆராய்ந்த முன்னோடியான டான் ஓல்வேயஸ், ஓய்வுநேரத்தில் மேற்பார்வையிடும் ஆசிரியர்கள் கூடக்கூடப் பகடிவதை குறைவதைத் தம் ஆய்வுகளில் கண்டார். நார்வேயின் வடபகுதியில் 1982ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டதை அடுத்து, அந்நாட்டு அரசு 1983இல் நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. பெர்கன் நகரில் சுமார் 2,500 மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓல்வேயஸ், அங்கே பகடிவதை ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாகப் பதிவு செய்தார். பிற நாடுகளில் அவ்வளவு பெரிய பலன் எளிதில் கிடைக்கவில்லை. மரியா டோஃபியும் டேவிட் ஃபாரிங்டனும் 2011இல் 44 மதிப்பீடுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இத்தகைய பள்ளித் திட்டங்களால் பகடிவதை செய்வது சராசரியாக 20 முதல் 23 விழுக்காடு வரையும், அதற்கு ஆளாவது 17 முதல் 20 விழுக்காடு வரையும் குறைந்தது தெரிந்தது. அவர்கள் கண்டதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொன்று. நல்ல பலன் தந்த திட்டங்களில் பெற்றோர் கூட்டங்களும், விளையாட்டுத்திடல் மேற்பார்வையும், திட்டம் நடந்த கால அளவும் முன்னின்றன. பிள்ளைகளையே நடுவர்களாக வைத்துப் பிள்ளைகளின் பூசலைத் தீர்க்கச்செய்யும் ஏற்பாடுகள் சில இடங்களில் பாதிக்கப்பட்டவர்களின் நிலையை மோசமாக்கியிருந்தன. மாணவத் தலைவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் நம் பழக்கத்தை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி நம் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாடெங்கும் உள்ள தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 பேருக்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. அப்படிப்பட்ட பள்ளியில் தலைமையாசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், அதன் அம்மா எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்பதும் தெரியும். அங்கே பகடிவதை இல்லை என்று சொல்லமாட்டேன். நிறத்தையும் அப்பாவின் தொழிலையும் சொல்லிக் கேலி செய்வதை நம் பிள்ளைகள் நம் வீடுகளிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே யாராவது ஒருவர் கண்ணில் அது பட்டுவிடும். ஆறாம் ஆண்டு முடிந்ததும் அந்தப் பிள்ளை ஆயிரம் பேருக்குமேல் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. உடன் படித்தவர்கள் வெவ்வேறு வகுப்புகளுக்குப் பிரிந்துபோகிறார்கள். மலாய்மொழியில் போதிய அடைவு பெறாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருக்க வேண்டியிருப்பதால், நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் படிவம் 1இல் இருக்க, இவன் "ரிமூவ்" என்ற பட்டப்பெயரோடு உலவுகிறான். ஆறாண்டு காலம் அவனை அறிந்திருந்த ஆசிரியர்களுக்கு அவன் இனி முன்னாள் மாணவன். புதிய ஆசிரியர்களுக்கு அவன் பெயர்ப்பட்டியலில் ஒரு வரி.

நம் சமூகத்தில் நடக்கும் திட்டங்கள் பெரும்பாலும் இந்த முறிவுக்கு முன்னால் நடக்கின்றன, அல்லது பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும்போது மிகவும் பின்னால் நடக்கின்றன. படிவம் 1இன் முதல் மூன்று மாதங்களில், பிள்ளை யாரோடு சேர்ந்து உண்பது, எந்தக் கழிவறைக்குப் போவது என்று கற்றுக்கொண்டிருக்கும் அந்தக் காலத்தில், அதன் அருகில் யாரும் இல்லை. ஆறாம் ஆண்டு முகாமுக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை அந்த மூன்று மாதங்களுக்கு ஒதுக்குங்கள் என்பதுதான் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடமும் கோயில் நிர்வாகங்களிடமும் நான் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்வது. விடைகொடுக்கும் விழாவில் படம் எடுக்கலாம், நாளிதழில் போடலாம். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் பத்துப் பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்திருப்பதை யார் படம் எடுப்பார்கள் என்ற கணக்கும் இதில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

வட்டமாக உட்கார்ந்து நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாழ்வியல் திறன் என்றாலே அது இன்னொரு சொற்பொழிவு என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் பள்ளிகளுக்கென்று பத்துத் திறன்களை வகுத்துத் தந்தது. முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், படைப்பாக்கச் சிந்தனை, ஆய்வுச் சிந்தனை, கருத்துப் பரிமாற்றம், பிறரோடு பழகுதல், தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மனவுளைச்சலைச் சமாளித்தல் என்று அந்தப் பட்டியல் போகிறது. இவற்றை மனப்பாடம் செய்து நன்னெறிக் கல்வித் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்க முடியும். நீச்சலைக் கரும்பலகையில் கற்றுக்கொண்டவனுக்குத் தண்ணீரில் என்ன நேருமோ அதுதான் அப்படிக் கற்றவனுக்கும் நேரும். அமெரிக்காவில் கில்பர்ட் பாட்வின் வகுத்த வாழ்வியல் திறன் பயிற்சி, புகைப்பழக்கத் தடுப்புக்காகத் தொடங்கியது. அதில் முதலாண்டில் 15 அமர்வுகளும், அடுத்த ஆண்டு 10 அமர்வுகளும், மூன்றாம் ஆண்டு 5 அமர்வுகளும் உண்டு. பேசுவது குறைவு, பழகிப்பார்ப்பது அதிகம். ஒரே நாளில் முடிந்துவிடும் எதையும் அவர் திட்டமிடவில்லை.

நாங்கள் அதிகம் பழகுவது, அருகில் நின்று பார்க்கிறவர்களின் வேலையை. பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சால்மிவல்லி, பகடிவதை நடக்கும்போது வகுப்பில் உள்ள ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பாத்திரம் ஏற்கிறார்கள் என்று 1990களிலேயே காட்டினார். ஒருவன் தொடங்குகிறான், சிலர் கையாள்களாகிறார்கள், சிலர் சிரித்து ஊக்கமூட்டுகிறார்கள், பலர் விலகி நிற்கிறார்கள், ஒரு சிலர் பாதிக்கப்பட்டவனின் பக்கம் போகிறார்கள். அவருடைய குழு உருவாக்கி, 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளில் பரவலாக நடைமுறைக்கு வந்த கீவா திட்டம், சிரிக்கிறவர்களையும் விலகி நிற்கிறவர்களையும் மாற்றுவதையே குறியாகக் கொண்டது. கனடாவில் விளையாட்டுத்திடல்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பகடிவதை நிகழ்வுகளில் 88 விழுக்காட்டில் பிற பிள்ளைகள் அருகில் இருந்ததும், 19 விழுக்காட்டில் மட்டுமே அவர்களில் யாராவது குறுக்கிட்டதும், குறுக்கிட்டபோது 57 விழுக்காட்டில் பத்தே நொடிகளுக்குள் அது நின்றுபோனதும் பதிவாகியுள்ளன. இந்தப் பத்து நொடிக் கணக்கைத்தான் நான் பிள்ளைகளிடம் சொல்வேன். மற்ற எண்கள் அவர்களுக்கு எதற்கு?

நடித்துப் பழகும்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். பாதிக்கப்பட்டவனாகப் பிள்ளைகள் யாரும் நடிக்கக்கூடாது. உண்மையிலேயே பாதிக்கப்பட்ட பிள்ளை அந்த வட்டத்தில் இருக்கும், அதன் காயத்தைக் கிளறி மற்றவர்களுக்குப் பாடம் நடத்த நமக்கு உரிமையில்லை. ஆகவே அந்த வேடம் எனக்கு. தொந்தியும் வழுக்கையுமாக உள்ள ஒருவரைக் கேலி செய்யக் கிடைத்த வாய்ப்பைப் பிள்ளைகள் வீணாக்குவதில்லை. ஒருமுறை, குறுக்கிடுகிறவளாக நடிக்க அழைத்தபோது புகுமுக வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்திருக்கவில்லை.

"சார், நான் போய் நின்னா என்னையும் சேர்த்துத்தானே செய்வானுங்க?"

நியாயமான கேள்வி. வீரமாக நின்று தட்டிக்கேள் என்று அவளிடம் சொல்வது, தடுப்பில்லாத இயந்திரத்துக்கு முன்னால் ஒரு தொழிலாளியை நிறுத்துவதற்குச் சமம். அதனால் நாங்கள் பழகுவது வேறு. தனியாகப் போகாதே, ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போ. தொல்லை கொடுக்கிறவனிடம் ஒரு சொல்லும் பேசாதே. அவனைப் பார்க்கவே வேண்டாம். பாதிக்கப்பட்டவளின் கையைப் பிடித்து, "வா, டீச்சர் உன்னைத் தேடுறாங்க" என்றோ, "வா, வரிசை நீளமாயிடுச்சு, சாப்பாடு முடிஞ்சிடும்" என்றோ சொல்லி நடந்துகொண்டே இரு. கூட்டம் கலைந்தால் பார்வையாளர்கள் இல்லை; பார்வையாளர்கள் இல்லையென்றால் அவனுக்கு அங்கே வேலையில்லை. இதையும் செய்ய முடியாதவர்களுக்கு இன்னொரு வழியுண்டு: எல்லாம் முடிந்த பிறகு அவளருகில் போய் உட்கார்ந்து, "நான் பார்த்தேன், அவன் செஞ்சது சரியில்ல" என்று சொல்வது. அந்தப் பெண் முதலில் தேர்ந்தெடுத்தது இதைத்தான். கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இந்த வசனங்களை முதலில் தமிழில் பழகினோம், பிறகு மலாயிலும். புகார் சொல்வதற்கு மலாய்ப் பயிற்சி இன்னும் கட்டாயமாகத் தேவைப்படுகிறது. "என் பள்ளி" என்ற தலைப்பில் மலாய்க் கட்டுரை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, மூன்று நாளாகத் தன் பையை ஒருவன் கால்வாயில் எறிகிறான் என்பதை மலாய் ஆசிரியரிடம் நின்று சொல்ல வாய் வருவதில்லை. தடுமாறிச் சொல்வதைக் கேட்டுவிட்டு, "மாயின்-மாயின்தானே, விளையாட்டுத்தானே" என்று ஆசிரியர் அனுப்பிவிட்டால், அந்தப் பிள்ளை இரண்டாம் முறை போகாது. ஆகவே "சியாப்பா, டி மானா, பிலா, பெராப்பா காலி" என்ற நான்கு கேள்விகளுக்கும் விடையை முதலில் தாளில் எழுதி, பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பழகச் செய்கிறோம். யார், எங்கே, எப்போது, எத்தனை முறை. ஓல்வேயஸின் வரையறையிலும் வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, வலிமையில் ஏற்றத்தாழ்வு இருப்பது ஆகிய மூன்றும்தான் பகடிவதையைச் சாதாரணச் சண்டையிலிருந்து பிரிக்கின்றன. எத்தனை முறை என்ற நான்காவது விடை தேதிகளோடு எழுத்தில் இருக்கும்போது, விளையாட்டு என்று எந்தக் கட்டொழுங்கு ஆசிரியராலும் எளிதில் தள்ளிவிட முடிவதில்லை. அந்தத் தாளின் ஒரு படி வகுப்பாசிரியரிடமும் ஒரு படி வீட்டிலும் இருக்க வேண்டும். அவசரத்துக்கு தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியின் 15999 என்ற எண்ணையும் அதன் அடியில் அச்சிட்டிருக்கிறோம்.

பாதுகாப்பு கிடைக்காத பிள்ளை எங்கே போகும் என்பதை நம் சமூகம் வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறது. உள்துறை அமைச்சு 2013இல் 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அதில் கும்பல்களின் பெயர்களாக இருந்த எண்கள் நம் வட்டாரத்துப் பையன்களுக்குப் புதியவையாக இருக்கவில்லை. அடிவாங்குகிற பதின்மூன்று வயதுப் பையனுக்கு, அடுத்த தெருவில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் "அண்ணன்" ஒருவர், "யாருடா உன்னைத் தொட்டது?" என்று கேட்கிறார். அன்று மாலையே தொல்லை நின்றுவிடுகிறது. பள்ளி, குடும்பம், கோயில் என்று யாரும் செய்யாததை ஒரு மணி நேரத்தில் செய்துகாட்டிய அந்த அண்ணனுக்கு அவன் காலமெல்லாம் கடன்பட்டவனாகிறான். அடுத்த ஆண்டு அவனே கழிவறை வாசலில் நிற்பான். குண்டர்கும்பலில் சேராதீர்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள், அந்த அண்ணனைவிட விரைவாக வந்து நிற்கக்கூடிய ஒரு நல்ல பெரியவரை அந்தப் பையனுக்குக் காட்ட வேண்டும்.

தண்டனை பற்றிக் கேட்பவர்களுக்கு என் விடை அவர்களுக்குப் பிடிப்பதில்லை. பினாங்கில் 2017 ஜூன் மாதம் 18 வயது இளைஞர் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டு இறந்தபோது நாம் எல்லாரும் கொதித்தோம். அவரைத் தாக்கியவர்களில் பள்ளிக்காலத்தில் அறிமுகமானவர்களும் இருந்ததாகச் செய்திகள் வந்தன. பிறகு 2024 ஜூலையில் கோலாலம்பூரில், டிக்டாக்கில் தொடர்ந்த வசைகளையும் மிரட்டல்களையும் தாங்கமுடியாமல் நம் பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அது தொடர்பாக ஒரு பெண்ணுக்குச் சிறு குற்றங்கள் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். அந்த அவமானம்தான் குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான புதிய பிரிவுகளுக்கு உந்துதலாயிற்று. 2024 டிசம்பரில் மக்களவை ஏற்றுக்கொண்ட அந்தத் திருத்தம் 2025 ஜூலை 11ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தொல்லைக்கு ஆளானவர் தற்கொலைக்கு முயன்றால் அல்லது இறந்தால் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அதில் இடமுண்டு. இந்தச் சட்டம் தேவை. அதைக் கொண்டுவரப் போராடியவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் விபத்து நடந்தபின் நீதிமன்றம் போவதற்கான வழி அது. கழிவறைக் கதவுக்குப் பின்னால் இன்று நடப்பதை நிறுத்தும் வழி வேறு.

பிரம்படியை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள் ஆண்பிள்ளைகளுக்குத்தான் அதை அனுமதிக்கின்றன, பெண்பிள்ளைகளுக்குத் தடை செய்கின்றன. யார் அடிக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. "எங்கள் காலத்தில் ஆசிரியர் அடித்தார், நாங்கள் கெட்டா போனோம்?" என்று கேட்கும் அப்பாக்கள், அவர்கள் காலத்தில் பின்வரிசையில் யார் யாரை என்ன செய்தார்கள் என்பதையும் நினைவுகூர்ந்து பார்க்கலாம். வலுத்தவன் இளைத்தவனை அடிக்கலாம் என்பதைத்தான் பிரம்பும் சொல்லித்தருகிறது. சிறு தவறுக்கும் உடனே பள்ளியிலிருந்து நீக்கும் கடும்போக்கை ஆராய்ந்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு, அதனால் பள்ளிகள் பாதுகாப்பானவையாக மாறியதற்குச் சான்றில்லை என்று 2008இல் எழுதியது. நீக்கப்பட்ட பையனை வரவேற்க அதே மோட்டார் சைக்கிள் அண்ணன் காத்திருக்கிறார் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

பெற்றோர் கூட்டங்கள் பலன் தருகின்றன என்று ஆய்வு சொன்னதை நம்பித்தான், மாதம் ஒருமுறை வகுப்பு முடிந்ததும் பெற்றோரை உட்காரவைக்கத் தொடங்கினோம். வந்தவர்களில் பெரும்பாலோர் அம்மாக்கள். "திருப்பி அடிடா" என்று சொல்லி அனுப்புவதா, "பெரிசு பண்ணாதே, ஒதுங்கிப் போ" என்று சொல்வதா என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. இரண்டும் பிள்ளையைத் தனியாக விட்டுவிடுகின்றன என்று நான் சொல்வேன். திருப்பி அடித்தால் கட்டொழுங்கு ஆசிரியரின் அறையில் இரண்டு பேரும் சமமாக நிற்பார்கள். ஒதுங்கிப்போனால் ஒதுங்கியவன் இன்னும் எளிய இலக்காவான். "நேத்து ராத்திரி அவன் ஏன் சாப்பிடல?" என்று கேட்டுவிட்டு விடை வரும்வரை கைப்பேசியைக் கீழே வைத்திருக்கும் அம்மாதான் நான் பார்த்தவர்களில் அதிகம் சாதித்தவர். பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் எண்ணை எல்லாரும் வாங்கிவைத்துக்கொண்டதும், பின்னிருக்கையில் சிறியவர்கள் உட்காரக்கூடாது என்று ஓட்டுநரிடமே பேசி ஏற்பாடு செய்ததும் அந்த அம்மாக்களின் யோசனை. செலவில்லாத அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு, பேருந்தைப் பற்றிய புகார் எங்கள் தாள்களில் வெகுவாகக் குறைந்தது.

ஒன்றை இங்கே மறைக்கக்கூடாது. பகடிவதை குறைந்த வகுப்பில், இன்னமும் அதற்கு ஆளாகிக்கொண்டிருக்கும் பிள்ளையின் மனநிலை முன்பைவிட மோசமாவதை பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் நின்றுவிட்டது, எனக்கு மட்டும் நிற்கவில்லை, அப்படியென்றால் குறை என்னிடம்தான் என்று அந்தப் பிள்ளை எண்ணிக்கொள்கிறது. எங்கள் வட்டத்திலும் அப்படி ஒரு பையன் உண்டு. அவனுக்கு நடிப்புப் பயிற்சி போதவில்லை. பள்ளியின் ஆலோசனை ஆசிரியரோடு தனியாகப் பேசி, ஓய்வுநேரத்தில் அவனுக்கு நூலகப் பொறுப்பு வாங்கிக்கொடுத்தோம். அதைத் தப்பியோடுவது என்று சொல்கிறவர்கள் ஒருநாள் அவனிடத்தில் இருந்து பார்க்கட்டும்.

ஒரு கூட்டத்தின் முடிவில், எல்லாரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஓர் அப்பா என்னைத் தனியாக அழைத்தார். லாரி ஓட்டுகிறவர். வந்திருந்த ஆண்களே ஒரு சிலர்தாம்; அவர்களில் அவர் கூட்டம் முழுவதும் வாயைத் திறக்கவில்லை.

"ஐயா, எல்லாரும் எம்பிள்ளைய அடிக்கிறாங்கன்னு சொல்றாங்க. எம்பையன்தான் அடிக்கிறான்னா நான் யாருகிட்ட சொல்றது?"

அவருக்குக் கொடுக்க எங்களிடம் தாளும் இல்லை, எண்ணும் இல்லை. தொல்லை கொடுக்கும் பிள்ளையின் பெற்றோருக்கென்று இங்கே எவரும் எதுவும் நடத்துவதாக நான் கேள்விப்படவில்லை. அவர்கள் கட்டொழுங்கு அறைக்கு அழைக்கப்படுகிறார்கள், கையொப்பமிடுகிறார்கள், வீட்டுக்குப் போய்ப் பையனை விளாசுகிறார்கள். இவர் விளாசவில்லை, ஏனென்றால் தாம் விளாசியதைத்தான் பையன் பள்ளியில் செய்கிறான் என்ற ஐயம் அவருக்கே இருந்தது. ஆலோசனை ஆசிரியரைப் பார்க்க நானும் அவரோடு போனேன். அடிக்கும் முன் அவனுக்கு உடம்பில் என்ன தெரிகிறது, எந்த நேரத்தில், யாருக்கு முன்னால் அடிக்கிறான் என்று அந்த ஆசிரியர் கேட்ட கேள்விகள் எங்கள் தாளில் உள்ளவற்றையே மறுபக்கமிருந்து கேட்டவைதாம். பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். அவனால் அடிபட்ட பிள்ளையும் அதே மண்டபத்துக்கு வருவதால், இருவரையும் வெவ்வேறு நேரத்துக்குப் பிரித்திருக்கிறோம், மன்னிப்புக் கேட்கும் நிகழ்ச்சி எதையும் நடத்தவில்லை. அடிபட்ட பிள்ளையின் அம்மாவுக்கு இந்த ஏற்பாடு இன்னும் பிடிக்கவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கோயில் நிர்வாகத்திடம் இன்னொரு அறை கேட்டிருக்கிறோம். அது கிடைத்தால் அப்பாக்களுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் தொடங்கலாம் என்று அந்த லாரி ஓட்டுநரே சொல்லியிருக்கிறார். ஆள் சேர்ப்பது தன் பொறுப்பு என்கிறார்.